புங்க மரத்து இலை எங்கே போக வேண்டும்?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி குமாஸ்தா வேலை. மண்ணைப் பற்றிப் பேச வந்ததே வரவு செலவு பார்த்த பழக்கத்தால்தான்.

நம் புங்க மரங்கள் உதிர்க்கும் இலையைத் தினமும் கூட்டி, மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம். பிறகு அதே மரங்களுக்கு மண்புழு உரத்தை விலைக்கு வாங்குகிறோம்.

காட்டில் கூட்டுவதற்கு ஆள் இல்லை. விழுந்த இலையை மரவட்டையும் கரையானும் கடித்துத் துண்டாக்குகின்றன. துண்டு சிறிதானால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேலை சுலபம். ஈர இலையைப் புரட்டினால் வெள்ளை நூல் மாதிரி தெரிகிறதே, அதுதான் பூஞ்சை. நரம்பு, காம்பு போன்ற கெட்டியான பாகங்களை மக்க வைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். மண்புழு மிச்சத்தை மண்ணோடு சேர்த்துத் தின்று, குருணை குருணையாக வெளியே தள்ளுகிறது. அதனால்தான் அங்கே தோண்டினால் மேலே சருகு, அடியில் பாதி மக்கிய இலை, அதற்கும் கீழே கறுப்பு மண், பிறகு வெளிறிய மண் என்று அடுக்கடுக்காக இருக்கிறது.

டார்வின் இதைச் சோதித்தே பார்த்தார். 1842-ல் இங்கிலாந்தில் தம் வீட்டருகே ஒரு வயலில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பினார். 1871-ல் பள்ளம் வெட்டினால், 7 அங்குல ஆழத்தில் வெள்ளையாக ஒரு கோடு! யாரும் புதைக்கவில்லை. புழுக்கள் அடிமண்ணை மேலே கொண்டுவந்து போட்டுப் போட்டே கட்டிகள் அமிழ்ந்துவிட்டன. வருடத்துக்குக் கால் அங்குலம்கூட இல்லை. 29 வருடம் ஒரு டெபாசிட்டை உடைக்காமல் வைத்திருந்த வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. 1881-ல் மண்புழுவைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். அதுதான் அவருடைய கடைசிப் புத்தகம்.

நம் வளாகத்தில் மேல்மண் என்று ஒன்று இல்லை. கட்டட வேலையில் கொட்டி மிதித்த மண்தான். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. புழு வளைகள் இருந்தால் அதுவே தண்ணீருக்கு வழி.

பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது. ஆகவே குவியல் வேண்டாம். வீடுகளை ஒட்டியும், பிள்ளைகள் விளையாடும் பக்கமும் வேண்டாம். கொசு பெருகுவது தேங்கிய தண்ணீரில். அதில் பிளாஸ்டிக் கப் கிடந்தால்தான் ஆபத்து, அதைப் பொறுக்கிவிடலாம்.

பின்பக்கத்து நான்கு மரங்களடியில் மட்டும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று அங்குல உயரத்துக்கு இலையைப் பரப்பி ஒரு வருடம் விட்டுப் பார்ப்போம். பெருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "கூட்டாம விட்டா அசோசியேஷன்ல திட்ட மாட்டாங்களா, சார்?" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றைக்கே முடிவு செய்து கொடுங்கள்.