பூட்டாத அலமாரி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



1996-இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. பால்வாளி தூக்கிய குடும்பத்துப் பிள்ளைகள் இன்று அங்கே சிப் செய்யும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். ஆகவே இந்த மேடையில் கணினியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வது பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

தோட்டத்தில் கிராணியார் செக்ரோல் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அலமாரியைத் திறந்து போட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலும் எழுதிக் கதவில் ஒட்டினால் எப்படி இருக்கும்? இணையத்தில் சில இடங்களில் நடப்பது அதுதான்.

இணையத்தளத்தின் கோப்புகள் சர்வர் என்னும் கணினியில் இருக்கின்றன. கேட்ட கோப்புறைக்கு முகப்புப் பக்கம் இருந்தால் சர்வர் அதைக் காட்டும். முகப்பும் இல்லை, பட்டியல் காட்டும் வசதியும் நிறுத்தப்படவில்லை என்றால், உள்ளே உள்ள கோப்புகளின் பெயர், தேதி, அளவு அத்தனையையும் வரிசையாகக் காட்டிவிடும். பெயரைத் தட்டினால் கோப்பே திறக்கும். கள்ளச் சாவி தேவையில்லை. தேடுபொறிகளும் அந்தப் பட்டியலைக் கண்டு சேர்த்துக்கொள்ளும்.

சென்ற ஆண்டு ஒரு தளத்தில் விளையாட்டுப் போட்டிப் படம் தேடினேன். முகவரியின் கடைசிப் பகுதியை அழித்ததும் இப்படியொரு பட்டியல் வந்தது. படங்களோடு உபகாரச் சம்பள விண்ணப்பங்கள்! பிள்ளைகளின் பெயர், அடையாள எண், தகப்பனாரின் சம்பளம். பதறிப் போய்ப் பொறுப்பாளரை அழைத்தேன். "அதுக்கு லிங்க்கே குடுக்கலையே டீச்சர், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். தவறு இங்கேதான். மறைத்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

நம் அடையாள எண்ணின் 12 இலக்கங்களைப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கெடாவுக்கு 02. கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று சொல்லும். கைப்பேசி எண்ணை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2019 செப்டம்பரில் கிரீன்போன் என்ற ஜெர்மன் நிறுவனம், 52 நாடுகளைச் சேர்ந்த 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகள் பாதுகாப்பில்லாத மருத்துவப் பட சர்வர்களில் கிடப்பதாக அறிவித்தது. மலேசியாவும் அவற்றில் ஒன்று.

பரிகாரம் கடினமல்ல. சர்வர் அமைப்பில் ஒரு வரி மாற்றினால் பட்டியல் நின்றுவிடும். அது மட்டும் போதாது. கோப்பின் பெயரை ஊகித்தவன் அப்போதும் திறப்பான். அந்தரங்கமான கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைக்கவே கூடாது. கடவுச்சொல்லுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளையின் பிறப்புப் பத்திர நகலை யார் கேட்டாலும், "எங்கே வைப்பீங்க? யார் பார்ப்பாங்க? எப்போ அழிப்பீங்க?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆசிரியர்களாகிய எங்களிடமும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இத்துடன் என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன். பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள்.