சரிந்த புகைக்கூண்டும் வருமான வரியும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள றொம்சி நகரில் ஸ்ட்ரோங் கம்பெனி என்னும் பெயருடைய பியர் வடிசாலை ஒன்று இருந்தது. விடுதிகள் சிலவும் அதற்கு உரியனவாயிருந்தன. அவற்றுள் ஒன்றிலே தங்கிய வாடிக்கையாளர் ஒருவர் துயின்றுகொண்டிருந்தபோது புகைக்கூண்டு இடிந்து அவர்மேல் வீழ்ந்தது. கட்டடத்தைச் செம்மையாக வைத்திராத ஊழியரின் கவலையீனமே காரணம் எனக் காணப்பட்டது. நட்டஈடும் வழக்குச் செலவுமாக 1,490 பவுண் கம்பெனியின் தலையில் விழுந்தது.

அத்தொகையைத் தொழிற் செலவாக இலாபத்திலிருந்து கழிக்கலாமா என்பதே பின்னர் எழுந்த கேள்வி. வழக்குப் பிரபுக்கள் சபைவரை சென்றது. கழிக்கமுடியாதென்று 1906ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. நட்டம் அத்தொழிலோடு ஒட்டிப் பிறந்ததாயிருத்தல் வேண்டும் என்றார் லோரேபேண் பிரபு. புகையிரதக் கம்பெனி விபத்திற் காயமுற்ற பிரயாணிக்குக் கொடுப்பது அத்தகையது. பலசரக்குக் கடையின் சன்னற் பலகை கழன்று தெருவிற் போகிறவர்மேல் விழுந்தாலோ, அந்த நட்டம் அத்தகையதன்று. புகைக்கூண்டு வீழ்ந்ததும் வீட்டுக்குடையவர் என்ற முறையிலே வந்த நட்டமாம். துயில இடங்கொடுப்பதுதானே விடுதித் தொழில் என்று எவரேனும் கேட்டால், அக்கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை.

கனடாவில் இக்கோட்பாடு சற்று விரிந்தது. இம்பீரியல் எண்ணெய்க் கம்பெனியின் கப்பல், ஊழியரின் கவலையீனத்தினால் மற்றொரு கப்பலோடு மோதியது. எண்ணெயைக் கப்பலேற்றும் தொழிலில் மோதுதல் எதிர்பார்க்கத்தக்க ஆபத்தே எனக் கொண்டு, கொடுத்த நட்டஈட்டைக் கழிப்பதற்கு 1947ஆம் ஆண்டில் நீதிமன்றம் இடமளித்தது.

இலங்கையிலே லொறியொன்றை வைத்து மரக்கறி ஏற்றும் சிறு வியாபாரிக்கும் இது அந்நியமான விஷயமன்று. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அது பிறருக்கு நேர்ந்த தீங்கைப் பற்றியது. அவருடைய லொறி நொறுங்கினால் அதனைச் செப்பனிடும் செலவு அவருடையதே. 2017ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டமோ, வருமானத்தை உழைப்பதற்காக ஏற்பட்ட செலவைக் கழிக்க விடுகிறது. சந்தைக்குச் சரக்கேற்றிச் சென்ற வழியில் நேர்ந்த விபத்தென்றால் வியாபாரியின் பக்கம் வலுவுண்டு; கல்யாண வீட்டுக்குப் போன வழியில் என்றால் இல்லை. பழுதுபார்ப்புக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மிஞ்சியது வாகனத்தின் பெறுமதியோடு சேர்ந்து, தேய்மானமாகப் பின்வரும் ஆண்டுகளிற் கழியும். நீதவான் விதித்த தண்டப்பணம் எவ்வகையிலும் கழியாது. எதிர்த்தரப்பார் ஈடுசெய்த பணமும் செலவாகாது.

கழித்தல் என்றதும் அரசாங்கம் நட்டத்தைத் திருப்பித் தந்துவிடும் என எண்ணுவோர் பலர். கழிவது இலாபத்தில், வரியிலன்று. வரி நூற்றுக்கு 18 வீதமெனின், முழுதாகக் கழியும் 1,00,000 ரூபாய் நட்டத்தினால் மீள்வது 18,000 ரூபாய். எஞ்சிய 82,000 ரூபாயும் வியாபாரியின் கைப்பணமே. காப்புறுதிக் கட்டணத்தை மிச்சம்பிடித்தவர் இக்கணக்கை விபத்துக்கு முன்னரே போட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்த 18,000 ரூபாயும் தாள்களின் பலத்திலேயே நிற்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கராச்சுக்காரரின் பற்றுச்சீட்டு, அன்றைய சரக்கு எவருக்குப் போயிற்று என்று காட்டும் துண்டு ஆகிய மூன்றையும் அவ்வாண்டின் கணக்குப் புத்தகத்தோடு கட்டி வைத்தல் வேண்டும்.