நிதியும் நெறியும்: இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் ஆற்றல் சிக்கனச் சீரமைப்பு

உள்ளூராட்சி மன்றங்களும் இலாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களும் சந்தை நிலவரத்தைவிடக் குறைந்த வாடகைக்கு அளிக்கும் வீடுகளே இங்கிலாந்தில் சமூகக் குடியிருப்புகள் எனப்படுகின்றன. ஏறத்தாழ 40 இலட்சமாக உள்ள அவ்வீடுகளின் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு இடுதல், சன்னல்களை மாற்றுதல், எரிவாயுக் கொதிகலன் இருந்த இடத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளிழுத்துத் தரும் வெப்ப எக்கியைப் பொருத்துதல் ஆகிய பணிகளே இம்மாநாடு ஆராய எடுத்துக்கொண்ட ஆற்றல் சிக்கனச் சீரமைப்பு என்னும் பொருளில் அடங்குவன. இப்பணிக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்ற வினா பல்லாண்டுகளாக விரிவாகப் பேசப்பட்டுள்ளது; அப்பணத்தை எந்த நெறிப்படி, யார் மேற்பார்வையில் செலவிடுவது என்ற வினாவோ பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் பின்னிணைப்பாகவே நின்றுவிடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இத்துறையின் அடிப்படைப் பிழை என்பது இத்தலைமையுரையின் கருத்து.

வீட்டுக்குள் சமைப்பதாலும் குளிப்பதாலும் துணி உலர்த்துவதாலும் மூச்சு விடுவதாலுங்கூட நீராவி ஓயாது சேர்கிறது. பழைய வீடுகளில் கதவிடுக்கு, புகைபோக்கி, பலகைத்தளத்தின் விரிசல் ஆகியவற்றின் வழியே அது வெளியேறிவந்தது; வெப்பமும் அவ்வழியே வெளியேறியது. வெப்பத்தைக் காக்க இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிட்டு, ஈரக்காற்று வெளியேற வேறு வழி அமைக்காமல் விட்டால், காப்பு முழுமையாகப் படாத மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் நீர் படிந்து பூஞ்சணம் படர்கிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ராச்டேல் நகரின் சமூகக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த இரண்டு வயதுச் சிறுவன் அவாப் இஷாக் நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் இறந்தான் என விசாரணையில் உறுதியானது. அச்சாவுக்குச் சீரமைப்புப் பணி காரணமென விசாரணை கூறவில்லை. எனினும் காற்றோட்டக் குறைவும் குடும்பத்தின் முறையீட்டுக்குச் செவிசாய்க்காமையும் சேர்ந்தால் நேரும் கொடுமை எத்தகையது என்பதை நாடு அன்று அறிந்தது. அபாயமான ஈரக்கசிவை வீட்டு உரிமை நிறுவனங்கள் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்னும் அவாப் சட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

காப்பு இடுவதே தீங்காக முடிந்த நிகழ்வுகளும் உள்ளன. பிரஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013 அளவில் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அரசுத் திட்டம் ஒன்றின்கீழ் வெளிச்சுவர்க் காப்பு ஒட்டப்பட்டபோது, விளிம்புகளும் இணைப்புகளும் சரியாக மூடப்படாததால் மழைநீர் உள்ளே புகுந்து சுவர்கள் ஊறின. இத்தகைய தோல்விகளின் பின்னணியில், பீட்டர் பான்ஃபீல்டு தலைமையிலான மீளாய்வு 2016இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக 2019இல் ‘பாஸ் 2035’ என்னும் தர நெறி உருவாயிற்று. வீட்டின் ஒரு பகுதியைத் தனித்துத் தொடாமல் முழு வீட்டையும் ஒன்றாக மதிப்பிட வேண்டும், காப்புடன் காற்றோட்டத்தையும் சோதிக்க வேண்டும், ஆய்வு முதல் ஒப்படைப்பு வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும் சீரமைப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பன அந்நெறியின் சாரம். இவை உண்மையிலேயே நல்ல விதிகள்.

ஆயினும் எரிசக்தி நிறுவனங்களின் செலவில் நடைபெறும், பெரும்பாலும் தனியார் வீடுகளைச் சார்ந்த திட்டங்களில் இதே நெறி கட்டாயமாக்கப்பட்டிருந்தும், வெளிச்சுவர்க் காப்பு இடப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்த வேண்டிய பெருங்குறைகள் இருப்பதாகப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025இல் அறிவித்தது. நெறி இருந்தும் பயன் விளையாததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகவும் கருதத்தக்கது, ஒருங்கிணைப்பாளருக்கு ஊதியம் தருபவர் யார் என்பதாகும். கண்காணிக்கப்பட வேண்டிய ஒப்பந்தக்காரரே கண்காணிப்பவரை அமர்த்தும் இடத்தில் எத்தனை விதி எழுதினாலும் அது காவலாக நிற்காது.

சமூகக் குடியிருப்புகளுக்கான அரசு நிதி இதனினும் சிறந்த அமைப்புடையது என்பதை மறுப்பதற்கில்லை. 2019 தேர்தல் அறிக்கையில் பத்தாண்டுகளுக்கு 380 கோடி பவுண்டு என அறிவிக்கப்பட்ட இந்நிதி, முன்மாதிரித் திட்டத்துக்குப் பின் சுற்றுச்சுற்றாக வழங்கப்பட்டுவருகிறது: 2023இல் ஒரு சுற்றுக்கு 77.8 கோடி பவுண்டு, 2025இல் மற்றொன்றுக்கு ஏறத்தாழ 129 கோடி. ஆற்றல் திறன் சான்றிதழில் ‘சி’ தரத்துக்குக் கீழே உள்ள வீடுகளை அத்தரத்துக்கு உயர்த்துவது நோக்கம். செலவில் பாதியை வீட்டு உரிமை நிறுவனம் ஏற்க வேண்டும். விண்ணப்பிக்க இலவச ஆலோசனை மையமும் அமைக்கப்பட்டது. குறை, சுற்று முறையிலேயே உள்ளது. வீடுகளை ஆய்ந்து, குடியிருப்போரிடம் பேசி, பயிற்சி பெற்ற பணியாளரைத் திரட்டுவதற்குள் முடிவுநாள் நெருங்கிவிடுகிறது. அடுத்த சுற்று உறுதியில்லாததால் திரட்டிய குழுவும் கலைந்துபோகிறது. பெரிய சங்கங்கள் தம் சொந்தப் பொறியாளர்களைக் கொண்டு இதைத் தாங்கிக்கொள்கின்றன. சில நூறு வீடுகளே உடைய சிறிய சங்கங்களோ, தம் பங்குக்கான பாதித் தொகையைத் தேடுவதிலேயே சோர்ந்துவிடுகின்றன. வாடகையைத் தவிர அவற்றுக்கு வேறு பெரிய வருவாய் இல்லை. மேலும் நிதிக்கு அளவுகோலான ஆற்றல் திறன் சான்றிதழ் கணக்கீட்டு மாதிரியின் வழி கிடைப்பதேயன்றி, வீட்டில் உண்மையாக அளந்து பெற்றதன்று.

நிதிக்கும் விதிக்கும் அப்பால் குடியிருப்போரின் குரலும் உண்டு. 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேரைப் பலிகொண்ட லண்டன் அடுக்குமாடிக் குடியிருப்பான கிரென்ஃபெல் கோபுரத்தில் தீ பரவக் காரணமான வெளியுறைத் தகடுகளும் ஒரு சீரமைப்புப் பணியின்போதே பொருத்தப்பட்டவை. குடியிருப்போர் முன்னரே எழுப்பிய பாதுகாப்பு முறையீடுகள் ஏற்கப்படவில்லை. அவர்கள் குரலுக்குச் செவிமடுப்பதும் நெறியின் பகுதியே. அதை நயப்பண்பாகக் கருதுவது தவறு.

ஆகவே இம்மாநாட்டின் ஆய்வுக்கு மூன்று முன்மொழிவுகள் வைக்கப்படுகின்றன. ஒருங்கிணைப்பாளருக்கும் மதிப்பீட்டாளருக்கும் உரிய ஊதியம் ஒப்பந்தக்காரர் வழியாக அன்றி, மானியத்திலிருந்து நேரடியாக வழங்கப்படல் வேண்டும். நிதி, சுற்றுகளாக அன்றிப் பத்தாண்டு உறுதியுடன் ஒதுக்கப்பட்டு, சிறிய சங்கங்கள் தம் பங்குத் தொகையைக் குறைந்த வட்டிக் கடனாகப் பெற வழி செய்யப்படல் வேண்டும். மானியத்தின் இறுதித் தவணை, பணி முடிந்த இரண்டாம் குளிர்காலம் கழிந்து, அறைகளின் வெப்பநிலை, ஈரப்பதம், குடும்பத்தின் எரிபொருட் செலவு ஆகியன அளக்கப்பட்ட பின்னரே விடுவிக்கப்படல் வேண்டும். அவ்வளவீட்டில் குடியிருப்போரின் கையொப்பமும் இடம்பெற வேண்டும்.