உயர்த்திய வண்டியும் அதன் ஸ்டியரிங்கும்



தாண்டிக்குடிப் பக்கம் எனக்கு ஒரு சிறு காப்பித் தோட்டம் உண்டு. அங்கே போய்வர ஒரு பழைய ஜிப்சி வண்டியும் உண்டு. 1985இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த அந்த இனத்து வண்டிகள் மேடுபள்ளங்களுக்கென்றே அமைந்தவை. முன்னும் பின்னும் ஒரே இரும்பாக நிற்கும் அச்சுகள், அவற்றின்மேல் வண்டியைத் தாங்கப் பட்டை வில்கள். கெட்டுப்போவதற்கு அதிக உறுப்புகள் இல்லை. ஆயினும் நான் அதைக் கெடுத்தேன்.

தோட்டத்துப் பாதையில் பாறைகள் வண்டியின் அடியில் இடிக்கின்றன என்று, அச்சுக்குக் கீழே இருந்த வில்களை அச்சுக்கு மேலே ஏற்றிவைக்கச் செய்தேன். வண்டி ஏறக்குறைய 5 அங்குலம் உயர்ந்தது. பெரிய டயர்களும் பூட்டினோம். பார்த்தவர்கள் வியந்தார்கள், எனக்கும் பெருமைதான். அடுத்த வாரம் மலையிறங்கும்போது, ஒரு வளைவில் முன்சக்கரங்கள் சிறு குழியொன்றில் இறங்கி ஏறின. நான் ஸ்டியரிங்கை அசைக்கவில்லை. வண்டி தானாகவே பள்ளத்தின் பக்கம் திரும்பிற்று. ஓரத்துக் கல் ஒன்று தடுத்து நிறுத்தியது. அருகில் அமர்ந்திருந்த என் மனைவி அன்று முழுவதும் என்னுடன் பேசவில்லை.

வண்டியை உயர்த்தித் தந்த பட்டறையில், அதிர்வு தாங்கும் டாம்பர் ஒன்றைப் பூட்டி அனுப்பினார்கள். கைக்கு வந்த உதறல் அடங்கிற்று, நோய் தீரவில்லை. பிறகு வேறொரு முதிய மெக்கானிக்தான் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு எனக்கு விளக்கினார்.

ஸ்டியரிங் பெட்டி வண்டியின் சட்டத்தோடு மேலே போய்விட்டது. சக்கரம் தரையிலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க் என்ற கம்பி, முன்பு ஏறக்குறையப் படுத்திருந்தது. இப்போது சரிந்து நிற்கிறது. அதன் நீளம் 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கம்பி மட்டமாக இருக்கையில் சக்கரம் 5 சென்டிமீட்டர் எழும்பினால், அதன் பக்கவாட்டு எட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே மாறும். ஒரு முனை பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்து சரிந்திருக்கையில், அதே குலுக்கலுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் மாறும். நான்கு மடங்கு! அந்த மாற்றம் சக்கரத்தைத் தள்ளுகிறது. ஓட்டுபவன் கேட்காமலே வண்டி திரும்புகிறது.

இதற்கு மலிவான மருந்து, பெட்டியிலிருந்து வரும் பிட்மன் ஆர்மை நீளமாகக் கீழே தொங்குவதாக மாற்றுவது. அது சரிவை ஓரளவே குறைக்கும். பெட்டியின் தண்டுக்கு முறுக்குச் சுமையும் கூடும். நான் தேர்ந்தது மற்றொன்று: மேல்முனையை இறக்காமல் கீழ்முனையை ஏற்றுவது. சக்கரத்தின் திருப்பு கைகளை உயரமானவையாக மாற்றி, டிராக் லிங்க்கையும் டை ராடையும் வில்களுக்கு மேலே கொண்டுபோனோம். கம்பிகள் மீண்டும் மட்டமாயின. பாறையில் அடிபடவும் வழியில்லை. ஆனால் வில் முழுவதும் அமுங்கும்போது அவை எஞ்சின் அடியில் மோதக்கூடாது. அதற்கு ரப்பர்த் தடுப்புகள் வேண்டும். பால் ஜாயிண்டின் தண்டு கூம்பு வடிவினது. கீழிருந்து நுழைந்ததை மேலிருந்து நுழைப்பதானால் துளையையும் மேலிருந்தே கூம்பாகக் கடையவேண்டும். இல்லையேல் நட்டு இறுகினாலும் தண்டு ஆடும். கம்பியைக் காய்ச்சி வளைத்து ஒட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒடிந்தால் சக்கரத்துக்கும் எனக்கும் உறவே அற்றுப்போகும் கம்பி அது, மறுத்துவிட்டேன். அச்சின் சாய்வுக் கோணத்தையும் பார்த்துச் சரிசெய்தோம். அது குறைந்தால், வளைவு கடந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

இவ்வளவும் முடிந்த பின்னரே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்தேன். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அது தடைசெய்கிறது. முதலிலேயே படித்திருக்கவேண்டியது! ஆகவே என் ஜிப்சி இப்போது தோட்டத்து வேலிக்குள் மட்டும் காப்பி மூட்டை சுமக்கிறது. குழிகளில் நேராகவே போகிறது. மலையிறங்க நாங்கள் இருவரும் பேருந்தில் வருகிறோம்.