பலகையில் தெரியாதவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நம் காலனியில் ஊர் உறங்கப் போகும் நேரத்தில் வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள் பலர் உளர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று பெற்றோர் பெருமையுடன் சொல்வர். அங்கே என்ன வேலை என்று கேட்டால் சற்றுத் தயங்குவர். அவர்களுள் பலர் செய்வது சேவைப் பணி. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு மின்னஞ்சல் திறக்கவில்லை; மற்றொருவருக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. அவர்கள் முறையிடுகின்றனர். ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஓர் எண்ணும், தீர்த்து வைப்பதற்கு ஒரு கெடுவும் உண்டு. அதனை டிக்கெட் என்பர். ஆயிரக்கணக்கான டிக்கெட்டுகளை மேலாளர் ஒவ்வொன்றாகப் படித்தல் இயலாது. ஆகவே அவற்றைத் தொகுத்து, வரைபடங்களாக்கி, ஒரே திரையில் காட்டும் பலகை தோன்றிற்று. அதுவே டாஷ்போர்டு.

இப்பலகை நல்ல துணைதான். ஆனால் அதற்கு எல்லை உண்டு. நூறு தூண்களை ஒரே படத்தில் நிறுத்தினால் கண் குழம்பும். இலட்சம் வரிகளை ஒருசேரக் கேட்டால் சர்வர் திணறும். எனவே, இத்தனை பிரிவுகள், இத்தனை வரிகள் மட்டுமே காட்டுக என்று மென்பொருளை ஆக்கியோர் வரம்பு கட்டியுள்ளனர். சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் மென்பொருளின் அறிக்கைத் திரையில் 2,000 வரிகளே தோன்றும். எஞ்சியவற்றைக் கோப்பாக இறக்கியே காண வேண்டும். வரம்பு குற்றமன்று. வரம்பு இருப்பதை மறந்து, திரையில் இல்லாதது உலகிலேயே இல்லை என்று எண்ணுவதே குற்றம்.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது ஒன்று சான்றாகும். கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறையினர் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்து வந்தனர். அவ்வகைக் கோப்பு 65,536 வரிகளுக்குமேல் ஏற்காது. மிகுந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவரைத் தேடிச் சென்று எச்சரிக்கும் பணியும் தாமதப்பட்டது. பின்னர்க் கண்ட வழி எளியதே: பெருங்கோப்பினைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தனர்.

நம் பிள்ளைகளின் பலகைக்கு வருவோம். ஒரு வங்கிக்கு 40 கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். படம் 12 கிளைகளையே காட்டும். ஏனைய 28 கிளைகளும் 'மற்றவை' என்ற ஒரே தூணில் அடங்கும். மிகுதியான டிக்கெட்டுகள் உள்ள பெருநகரக் கிளைகளே முன்னிற்கும். மலையூர்க் கிளை ஒன்றில் 9 டிக்கெட்டுகளே உள்ளன. ஒன்பதும் கெடு தவறியவை. அக்கிளையின் குறை எந்நாளும் மேலாளர் கண்ணில் படாது. அதனைத் தீர்க்க இரவெல்லாம் விழித்த இளைஞனின் உழைப்பும் படாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதலாவது, படத்தின் தூண்களைக் கூட்டி, மொத்த டிக்கெட் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒவ்வாவிடில் ஏதோ மறைந்துள்ளது என்பது தெளிவு. இரண்டாவது, 40 கிளைகளையும் ஒரே படத்தில் திணியாமல், மண்டலவாரியாகப் பிரித்துக்கொண்டு, மண்டலத்தைத் தொட்டால் அதன் கிளைகள் விரியுமாறு அமைக்கலாம். மூன்றாவது, கெடு தவறியவற்றை மட்டும் வடிகட்டித் தனிப்படம் ஆக்கலாம். எண்ணிக்கையை விடுத்துத் தவறியவற்றின் விழுக்காட்டைக் கொண்டு வரிசைப்படுத்தினால் மலையூர்க் கிளையே முதலில் நிற்கும். நான்காவது, கோப்பாக இறக்கும்போதும் வரம்பு குறுக்கிட்டால், மாதம் மாதமாகப் பிரித்து இறக்கலாம். ஒரு நாள் இரு கோப்புகளிலும் சேராமலும், எதிலும் விடுபடாமலும் காத்தல் வேண்டும். இவை எல்லாவற்றினும் மேலாக, 'இப்படம் முதல் 12 கிளைகளை மட்டும் காட்டுகிறது' என்று படத்தின் அடியில் ஒரு வரி எழுதி வைத்தல் நேர்மையாகும்.

வரம்பையே உயர்த்திவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். உயர்த்தலாம், ஆயின் பலகை திறக்கவே நேரம் பிடிக்கும், பொறுமையிழந்தவர் பாராமலே போவர். புதிய எக்செல் கோப்பு 10,48,576 வரிகளை ஏற்கும். அதற்கும் ஓர் எல்லை இருக்கத்தான் செய்கிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறினர். திரையின் முன் அமரும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். 'மற்றவை' என்ற தூணுக்குள்ளும் மனிதர்கள் இருக்கின்றனர்; விடை வரும் என்று காத்திருக்கின்றனர். மேலாளர் பொறுப்பில் உள்ள அன்பர்களும், ஒருவனுடைய ஆண்டு வேலையைப் பலகையைப் பார்த்து மதிப்பிடுமுன், அதில் தெரியாதது யாது என்று ஒருமுறை கேட்பாராக. அக்கேள்வி பழக்கமாகிவிட்டால் நம் பிள்ளைகளின் உழைப்பு வீண்போகாது.