ஐந்து மாதக் கப்பல்

1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கிய தூத்துக்குடியிலிருந்து, 2011 ஜூன் மாதத்தில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ கொழும்புக்குப் புறப்பட்டது. இலங்கைப் போரால் பல்லாண்டு அற்றுப்போயிருந்த பயணிகள் கப்பல்வழி மீண்டும் திறந்ததென்று மகிழ்ந்தோருள் யானும் ஒருவன். அக்கப்பல் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றவல்லது. வந்த கூட்டமோ சிறிது, செலவோ பெரிது. நவம்பரில் போக்குவரத்து நின்றது.

சிதம்பரனாரை எதிர்த்த வெள்ளையர் கம்பெனி, கட்டணத்தைக் குறைத்ததோடு குடையும் இனாமாகக் கொடுத்தது என்பர். இதற்கோ கடலில் எதிரியில்லை, ஆகாயத்தில்தான் இருந்தது. விமானம் விரைந்து சேர்க்கும் ஊருக்கு இரவெல்லாம் மிதந்து செல்ல ஆயிரம் பேர் ஒவ்வொரு முறையும் கிடைப்பார்களா? சிறிய கப்பலே போதுமென்பது என் எண்ணம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்ற ‘செரியபாணி’ 150 பேருக்கானது. பருவமழையால் அம்மாதமே அதுவும் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ அவ்வழியை மீண்டும் தொடங்கிற்று.