62 சதவீதமும் 42.8 சதவீதமும்

கப்பல் வேலைக்குப் போய்வரும் நண்பன் திருவொற்றியூரில் ஒரு பர்பன் பாட்டிலைத் திறந்தான். பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அடைத்தது, 62 சதவீதம். நம் டாஸ்மாக் பிராந்தி 42.8தான். முதல் மிடறில் நாக்கு எரிந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்ட பிறகே கருக்கிய ஓக் மரத்தின் வெனிலா வாசம் வந்தது. நன்றாகவே இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

இதைக் குடிப்பவர் ரசிகராம். காசிமேட்டில் ஐஸ் பெட்டி இறக்கிவிட்டு குவார்ட்டர் வாங்குகிறவர் குடிகாரர். அதையும் அவர் சாதியோடு சேர்த்தே சொல்வார்கள்.

டென்னசியில் ஜாக் டேனியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன், அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பர். நிறுவனம் அதை ஊரறியச் சொன்னது 150ஆவது ஆண்டில், 2016இல்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. கருணாபுரத்தில் செத்த ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?